விமானத்துக்கு வைத்த சந்தனப் பொட்டு

மகனே, நேற்று நீ போனை வைத்த பிறகு உன் அம்மா என்னைப் பார்த்து, "ஏங்க, இவன் எல்லாத்துக்கும் சரிங்கிறானே, ஒங்களுக்கு ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டாள். எனக்கும் தோன்றத்தான் செய்தது. கல்யாணத்துக்குக் கண்டி டவுனுக்குள்ளேயே பெரிய மண்டபமாகப் பார்க்கட்டுமா என்றேன், சரிப்பா என்றாய். மேளம் யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்போமா என்றேன், சரிப்பா. கூறைச் சேலை குங்குமக் கலரிலா மாம்பழக் கலரிலா என்றேன், அதற்கும் சரிப்பா. இரண்டில் எது என்று கேட்டால் சரி என்று பதில் சொல்கிறவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இத்தனை வருஷமாகக் கடை நடத்துகிறேன். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் போகிற ஆளைக் கண்டால்தான் எனக்குப் பயம். பேரம் பேசுகிறவன் திட்டிக்கொண்டாவது திரும்பி வருவான். பேசாமல் வாங்கியவன் அடுத்த தடவை பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான்.

இன்னொன்றும் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நம்முடைய வருங்கால மருமகள் வத்தேகமையிலிருந்து வந்திருந்தாள். அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டே, "நாங்க கோயில்லயே சின்னதா வச்சிக்கலாம்னுதான் பேசிக்கிட்டிருந்தோம்..." என்று ஆரம்பித்தவள், அம்மா நிமிர்ந்து பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் ஹாலில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். வியாபாரிக்குக் காது நாலு. ஆக, வளைகுடாவில் இருந்துகொண்டு நீ அவளிடம் ஒன்று பேசுகிறாய், என்னிடம் வேறொன்று பேசுகிறாய். அப்பா மனம் நோகக் கூடாது என்று நினைக்கிறாய். இந்த நல்ல குணம் எனக்குப் புதிதல்ல. ஒரு தடவை அது விமானத்தைக் கொண்டுபோய்க் கங்குன் கீரைப் பாத்தியில் மல்லாத்தியது. அந்தக் கதை உனக்குத் தெரியாததில்லை. ஆனால் அன்றைக்கு நீ மேலே இருந்தாய், நாங்கள் கீழே நின்றோம். கீழே நின்றவர்கள் பார்த்ததை உனக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை. போனில் சொன்னால் அதற்கும் சரிப்பா என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் வாசித்தாலும் பரவாயில்லை, வாசித்துச் சிரிக்கட்டும்.

நம்முடைய குடும்பத்தில் உனக்கு முன்னால் பறந்தது என்றால், தமிழர் கடைகளை எரித்த கலவரத்தில் என் முதல் கடையின் கூரைத் தகரம் ஒன்றுதான். எரித்துவிட்டுப் போன பிறகு சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு, மார்க்கெட்டுக்குப் பக்கத்து நடைபாதையில் ஒரு சாக்கை விரித்து விளக்குத் திரியும் கற்பூரமும் விற்றேன். கலவரம் நடந்த ஊரில் சாமி சாமான்தான் நன்றாக விற்கும் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். எரித்தவனும் வாங்குவான், எரிந்தவனும் வாங்குவான். இன்றைக்கு என் கடையில் கோயிலுக்குக் கற்பூரம், விகாரைக்குப் பிரித் ஓதிக் கட்டுகிற நூல், சேர்ச்சுக்கு மெழுகுதிரி, பள்ளிவாசலுக்குச் சாம்பிராணி எல்லாம் ஒரே அலுமாரியில் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று சண்டை பிடித்து நான் பார்த்ததில்லை. அந்தக் கலவரம் எனக்கு இன்னொரு பாடமும் தந்தது. அதிகாரி கேட்டதற்கு மட்டும் பதில் சொல், அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதே. பல வருஷம் அந்தப் பாடம் என்னைக் காப்பாற்றியது. உன் விஷயத்தில்தான் அது காலை வாரிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நீ விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றது சமாதானப் பேச்சு நடந்த காலம். வடக்குப் பாதை திறந்திருந்தது. இங்கிருந்து சனம் யாழ்ப்பாணம் போய்ப் பனங்கிழங்கு வாங்கி வந்தது. எல்லாருக்கும் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது, உனக்கு அது கொஞ்சம் கூடிப்போயிருந்தது. மஹய்யாவையில் நம்ம பக்கத்து வீட்டுக்காரர், "என்ன முதலாளி, மகன் பிளேன் ஓட்டப் போறானாமே, நம்ம ரோட்டுல எறக்குவானா?" என்று கேட்டார். "ஒங்க கூரையிலதான் எறக்கச் சொல்லியிருக்கேன், ஓடுகள எண்ணி வைங்க" என்றேன். வெளியே அப்படிப் பேசினேனே தவிர, உள்ளுக்குள் கணக்குப் பார்த்தேன். ஆட்களை ஏற்றி, பத்திரமாக இறக்கி, கூலி வாங்குவதும் ஒரு தொழில்தானே. உன் தாய்மாமன் ராசு வத்தேகம மார்க்கெட்டிலிருந்து லொறியில் கோவா, போஞ்சி என்று மரக்கறி ஏற்றுகிறான், நீ மனிதர்களை ஏற்றப் போகிறாய், அவ்வளவுதான் வித்தியாசம் என்று அம்மாவிடம் சொன்னேன். "கோவா விழுந்தா கறி வைக்கலாம்" என்றாள் அவள். உன்னைச் சேர்த்துவிட்டது ராசுதான். அக்காவின் காலடியில் உட்கார்ந்து கெஞ்சி, அவள் தலையை ஆட்டும்வரை எழும்பவில்லை.

ராசுவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சண்டைக் காலத்தில் தம்புள்ளை ரோட்டில் ஒரு சோதனைச் சாவடியில் அவனுடைய லொறியை நிறுத்தினார்கள். டூல்ஸ் பெட்டிக்குள் வயர்த் துண்டு கிடந்தது. ஹோர்னுக்கு வைத்திருந்த வயர், அவர்கள் குண்டுக்கு என்றார்கள். பயத்தில் அவனுக்கு வாய் வரவில்லை. பல வாரம் உள்ளே இருந்துவிட்டு மெலிந்துபோய் வந்தான். என்ன நடந்தது என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு காக்கிச் சட்டையைக் கண்டால், அது தபால்காரராக இருந்தாலும், வீட்டுக்குப் பின்பக்கம் போய் நின்றுகொள்வான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசி.

நீ தனியாகப் பறக்கத் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை எங்களை வந்து பார்க்கச் சொன்னாய். கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பயிற்சித் திடலுக்கு வேனில் போகலாம் என்றால் ராசு விடவில்லை. லொறியைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்துவிட்டான். அக்காவை முன்னால் ஏற்றினான். எனக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டுக் கயிற்றால் கட்டினான். கடுகண்ணாவை இறக்கத்தில் கயிறு தளர்ந்து, நானும் கதிரையும் சேர்ந்து முன்பக்கப் பலகையில் போய் மோதினோம். "மச்சான், இருக்கீங்களா?" என்று முன்னாலிருந்து கத்தினான். "இருக்கேன்டா, இல்லாமப் போனா ஒனக்குச் சொல்லி அனுப்புறேன்" என்றேன்.

நம் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. சைக்கிள் வாங்கினாலும் லொறி வாங்கினாலும் டயருக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுத்தான் ஓட்டுவோம். மருமகன் ஓட்டுகிற வாகனத்துக்கு அதைச் செய்கிற உரிமை தாய்மாமனுக்கு. ஆகவே ராசு முதல் நாளே என் கடைக்கு வந்தான். "மச்சான், நல்ல சந்தனமா ஒரு டின் எடுங்க, மருமகன் பிளேனுக்கு" என்றான். "பிளேனுக்கு என்ன மூக்கா இருக்கு, வாசம் பாக்க?" என்று கீழ்த்தட்டு டின் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அது சந்தன வாசம் போட்ட மாவு. காய்ந்தால் சாந்து பூசியதுபோல் இறுகும். மழைக்கும் உதிராது என்று லொறிக்காரர்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். நல்ல சந்தனத்தை வாகனத்தில் பூசி வீணாக்குகிற வியாபாரி எவனும் கண்டியில் இல்லை.

திடலில் உன் பயிற்றுநர் விக்ரம சேர் கைகூப்பி வரவேற்றார். ராசு தேசிக்காயை எடுத்தபோது தடுப்பாரோ என்று பார்த்தேன். சிரித்தார். விமானத்தின் கைப்பிடியில் அவரே ஒரு பிரித் நூல் கட்டியிருந்தார். என் கடை நூலா என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. அம்மா அந்தச் சின்ன வெள்ளை விமானத்தைச் சுற்றி வந்து, "இவ்வளவுதானா? நம்ம கடைச் சட்டர் இதவிடக் கனமா இருக்குமே" என்றாள். "அக்கா, சும்மா இரு, கண்ணு பட்டுடும்" என்று ராசு அதட்டினான். பிறகு வேலையைத் தொடங்கினான். மூக்கில் ஒரு பொட்டு, கதவில் ஒரு பொட்டு, சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு, அடியில் ஒரு தேசிக்காய். இடது இறக்கைக்குக் கீழே முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு சின்னக் குழாய் இருந்தது. "இது என்னாது, கண்ணு மாதிரி இருக்கு? இதுக்கும் ஒண்ணு" என்று சொல்லி, விரல் நிறையச் சந்தனம் எடுத்து, அந்தக் குழாயின் வாயில் அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்தான்.

அந்தக் குழாய்க்குள் காற்றுப் போனால்தான் விமானம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று உள்ளே இருக்கும் முள் காட்டும் என்பது எனக்கோ ராசுவுக்கோ தெரியாது. உனக்குத் தெரியும். நீ பார்த்தாய். உன் கை குழாயை நோக்கி நீண்டது. ராசு உன்னைப் பார்த்துக் கண் கலங்கிக் கைகூப்பி நின்றான். உன் கை திரும்பி வந்துவிட்டது. மாமா அந்தப் பக்கம் திரும்பட்டும், துடைத்துவிடலாம் என்று நினைத்தேன் என்று பிறகு எங்களிடம் சொன்னாய். மாமா திரும்பவில்லை. அம்மா திருநீறு பூச வந்தாள். விக்ரம சேர் நேரமாகிறது என்று கூப்பிட்டார். நீ ஏறிவிட்டாய்.

விமானம் எழும்பியபோது நான் கைதட்டினேன், ஒளிக்க வேண்டியதில்லை. நம்ம பிள்ளை மரத்துக்கு மேலே போகிறான் என்று நடைபாதையில் திரி விற்ற ஒருவனுக்கு எப்படி இருக்கும் என்பதை நீயும் ஒரு நாள் உன் பிள்ளையை வைத்துத்தான் தெரிந்துகொள்வாய். மேலே உனக்கு முள் பூச்சியத்தை விட்டு அசையவில்லை. ரேடியோவை எடுத்து, "சேர், முள் வேலை செய்யுதில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கீழே இருந்தே வழி சொல்லி இறக்கியிருப்பார். ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பார், மாமா பெயர் வரும். அதனால் நீ ரேடியோவிலும் வாய் திறக்கவில்லை. வேகம் குறைந்தால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் வேகமாகவே இறங்கினாய். ஓடுபாதையில் பாதி போயும் சக்கரம் தரையைத் தொடவில்லை. "என்னங்க, பஸ் ஹோல்ட்ட விட்டுட்டுப் போறான்?" என்று அம்மா கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாதை முடிந்த இடத்தில் முள்வேலியை அறுத்துக்கொண்டு, அடுத்த பக்கத்துக் கங்குன் பாத்தியில் மூக்கைக் குத்தி, மெதுவாக, ஆமை புரள்வதுபோல் விமானம் மல்லாந்தது.

நாங்கள் ஓடினோம். நான் அப்படி ஓடியது கலவரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். ஆனால் எங்களுக்கு முன்னால் அந்தப் பாத்திக்காரம்மா கீரை அறுக்கிற கத்தியோடு உன்னிடம் போய்விட்டாள். "அனே, மகே கங்குன்!" என்று சிங்களத்தில் தன் கீரைக்காக ஒப்பாரி வைத்துக்கொண்டே, தலைகீழாகப் பெல்ட்டில் தொங்கிய உன்னைப் பார்த்து, பெல்ட்டை ஒரே இழுப்பில் அறுத்துவிட்டாள். நீ தொப்பென்று விழுந்தாய். விமானம் கவிழ்ந்தபோது உடையாத தோள் எலும்பு, அவள் காப்பாற்றியபோது உடைந்தது. அம்மா சேற்றுக்குள் இறங்கி, முந்தானையால் உன் மூக்கைத் துடைத்து, "சாப்பிட்டுத்தானடா ஏறுன?" என்று கேட்டாள். நீ ஆமாம் என்றாய். அதற்குப் பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள். பாத்திக்காரம்மாவும் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஒருத்தி பிள்ளைக்காக, மற்றவள் கீரைக்காக என்று அப்போது நினைத்தேன். பிறகு பார்த்தால், அவள்தான் ஆஸ்பத்திரிக்கும் உனக்குக் கஞ்சி கொண்டுவந்தாள்.

ராசு என்ன செய்தான் தெரியுமா? ஓடுபாதைத் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய், நசுங்கிக் கிடந்த தேசிக்காய்களைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "இதுதான் மச்சான் புள்ளையக் காப்பாத்திச்சு!" என்றான். அன்றிலிருந்து வத்தேகம மார்க்கெட்டில் அவனுக்கு இதே பேச்சு. மரக்கறி மூட்டை இறக்கும்போது, தேத்தண்ணிக் கடையில், கோயில் வாசலில் என்று போகிற இடமெல்லாம் தேசிக்காய் மகிமையைச் சொன்னான். மார்க்கெட்டில் தேசிக்காய் விலை ஏறியதற்கு அவனும் ஒரு காரணம் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

மஹய்யாவை வீட்டுக்கு உன்னைக் கொண்டுவந்த பிறகுதான் எனக்கும் அம்மாவுக்கும் குழாய் விஷயத்தைச் சொன்னாய். பயிற்சிப் பள்ளியில் விசாரணை வைக்கப் போகிறார்கள், குழாய்க்குள் சேறு அடைத்திருந்தது பாத்தியில் விழுந்ததால்தான் என்று நினைத்துவிட்டார்கள், சந்தனம் யாருக்கும் தெரியாது என்றாய். தெரியாவிட்டால் தவறு முழுதும் உன் தலையில். கண்மூடித்தனமாக வேகமாக இறக்கினான், இவன் விமானம் ஓட்டத் தகுதியில்லாதவன் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். தெரிந்தாலோ, படை முகாமுக்குப் பக்கத்துத் திடலில், ஒரு முறை உள்ளே இருந்து வந்த தமிழ் லொறிக்காரன் விமானத்தின் கருவிக்குள் எதையோ அடைத்தான் என்று ஆகும். சமாதானப் பேச்சு நடந்தால் என்ன, அந்தப் பேச்சு எந்த நாள் முறியும் என்று யாருக்குத் தெரியும்? "வாயத் தெறக்காத" என்றேன் நான். "கேட்டதுக்கு மட்டும் பதில். பறக்கிற வேல போனா போகட்டும், கட இருக்கு." நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நானும் சொல்றதா இல்லப்பா" என்றாய். இரண்டு பேருக்கும் ஒரே முடிவு. ஆனாலும் வீடு செத்த வீடு மாதிரி இருந்தது.

கையைக் கழுத்தில் கட்டித் தொங்கப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து உட்கார்ந்தாய். மெழுகுதிரி கேட்ட கன்னியாஸ்திரிக்குக் குங்குமம் கொடுத்தாய். ஹந்தானை மலைப் பக்கம் ஹெலிகொப்டர் ஒன்று போனால் கடையில் இருக்கிற எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள், நீ மட்டும் தலையைக் குனிந்து கற்பூரம் மடிப்பாய். முன்பெல்லாம் சாப்பாட்டுத் தட்டோடு ரோட்டுக்கு ஓடிப்போய்ப் பார்க்கிற ஆள் நீ. நல்ல சரக்கைக் கீழ்த்தட்டில் போட்டு வைத்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆம்பிளைகள் இரண்டு பேரும் இப்படிக் கெட்டித்தனமாக இருந்தபோது, உன் அம்மாதான் காரியத்தைச் செய்தாள்.

ராசு ஒரு மத்தியானம் சாப்பிட வந்திருந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே மறுபடியும் தேசிக்காய்க் கதையை எடுத்தான். அம்மா குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சொன்னாள்.

"தம்பி, தேசிக்கா காப்பாத்தல. ஒன் சந்தனந்தான் கவுத்துச்சு."

"என்னக்கா சொல்ற?"

"அந்தக் கொழாயில வச்சியே, அது காத்துப் போற கொழாயாம். அது அடச்சுப் போனதுலதான் புள்ளைக்கு வேகம் தெரியல. ஒன்னக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அவன் வாய மூடிக்கிட்டு இருக்கான். அவரும் மூடிக்கிட்டு இருக்காரு. அவன் படிப்புப் போகப் போகுது."

"ஏன்டி, ஒனக்கு அறிவிருக்கா?" என்று நான் கத்தினேன். "இருக்கிறதாலதான் சொல்றேன்" என்றாள். ராசு பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவினான். வெளியே போய் லொறியில் ஏறி, ஸ்டார்ட் பண்ணாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு போய்விட்டான். விசாரணை நாள் வரைக்கும் அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் அம்மாவோடு பேசவும் இல்லை.

விசாரணைக்கு நீயும் நானும் பஸ்ஸில் போய் இறங்கினால், வாசலில் ராசுவின் லொறி நிற்கிறது. வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, ஒரு கையில் அடையாள அட்டை, மறு கையில் என் கடை டின். காக்கிச் சட்டைக் காவலாளிக்கு நேர் முன்னால் நின்றுகொண்டிருந்தான். டின் மூடி கடகடவென்று சத்தம் போட்டது. ஆனால் அவன் அங்கேயே நின்றான். "போடா வீட்டுக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "நீங்க சும்மா இருங்க மச்சான். எனக்குப் பயமாத்தான் இருக்கு. பயத்தோடயே போறேன்" என்றான்.

உள்ளே விசாரிக்க மூன்று பேர், ஒரு பக்கமாக விக்ரம சேர். நடுவில் இருந்த பெரியவர் ஓய்வு பெற்ற அதிகாரி, நரைத்த மீசை. ராசு லொறிச் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னான். நம் வழக்கம், தேசிக்காய், பொட்டு, குழாய், கண் மாதிரி இருந்தது என்பது வரைக்கும் விடவில்லை. பயத்தில் ஒரு தடவை ஊமையானவன் அன்றைக்குக் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னான். சொல்லி முடித்து, தன்னைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்பதுபோல் இரண்டு கையையும் முன்னால் நீட்டினான். பெரியவர் டின்னை வாங்கித் திறந்தார். மணந்து பார்த்தார். கொஞ்சம் விரலில் எடுத்துத் தேய்த்து, மறுபடியும் மணந்தார்.

"இதில் சந்தனம் எங்கே இருக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ராசு திகைத்துப்போய் என்னைக் காட்டி, "இவர் கடையில வாங்கினது சேர்" என்றான்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் சரக்கை ஒரு விசாரணை மேசையில் வைத்து யாரும் அதுவரை மணந்ததில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்ற என் பாடம் அங்கேயும் கைகொடுத்தது. "பேர் மட்டுந்தான் சேர் சந்தனம். மிச்சம் மாவு" என்றேன். முதலில் விக்ரம சேருக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு பெரியவரின் மீசை அசைந்தது. அதன் பிறகு எனக்கு மூச்சு வந்தது. ராசு மட்டும் சிரிக்கவில்லை. "நல்லதுன்னுல்ல கேட்டேன் மச்சான்!" என்று தமிழில் என்னை அங்கேயே ஏசினான்.

சிரிப்பு அடங்கியதும் பெரியவர் ராசுவைக் கையைக் கீழே போடச் சொன்னார். எழுதுகிறவரிடம், குழாயில் வெளிப்பொருள் அடைத்திருந்தது, கெட்ட நோக்கம் எதுவும் இல்லை என்று எழுதச் சொன்னார். யாருடைய பெயரும் தேவையில்லை என்றார். அந்தக் காலத்தில் அந்த நாற்காலியில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வதற்கு ஒரு மனது வேண்டும். பிறகு உன்னை எழுப்பி நிறுத்திக் கேட்டார், உனக்கு நினைவிருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். "நீ பார்த்தாயா?" பார்த்தேன் என்றாய். "ஏன் துடைக்கவில்லை?" மாமா மனம் நோகும் என்றாய். அவர் கோபப்படவில்லை. "மாமாவுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்தவன் சொல்லாவிட்டால், தெரியாதவன்தான் பழி சுமப்பான். நாளைக்கு உனக்குப் பின்னால் நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மனம் நோகக் கூடாது என்று நூறு பேரையும் கீரைப் பாத்தியில் இறக்குவாயா?" என்றார். உன்னை நீக்கவில்லை. எலும்பு பொருந்திய பிறகு, விமானத்தைச் சுற்றி வந்து பார்க்கிற பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும், தொட்டுப் பார்க்கிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் ஏறலாம் என்றார். நீ குனிந்து கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக உன் அம்மாவோடு பேசினேன். "சாப்பாடு போடு" என்றேன். நம் வீட்டில் அதற்கு மேல் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லை. அவள் போட்டாள்.

நீ மறுபடியும் பறந்த நாளில் ராசு வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். டின்னும் இல்லை, தேசிக்காயும் இல்லை. கைகளைப் பின்னால் கட்டியிருந்தான். நீ போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தாய். விமானத்தைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய், இது எண்ணெய் பார்க்கிற இடம், இது வாலைத் திருப்புகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாய். இடது இறக்கைக்குக் கீழே நின்று, "மாமா, இது காத்துப் போற கொழாய். இதுல மட்டும் ஒண்ணும் வைக்கக் கூடாது. டயர்ல எவ்வளவு வேணும்னாலும் வைங்க" என்றாய். நீ பெரியவர்களிடம் கூடாது என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் ராசுவின் முகத்தைப் பார்த்தேன். எங்கே நொந்துபோகப் போகிறான் என்று பார்த்தால், அவன் உன் தலையில் ஒரு குட்டு வைத்தான். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா என்னடா? கடிச்சா திங்கப் போறேன்?" என்றான். நீ சிரித்துக்கொண்டே ஏறினாய். முள் அசைகிறது என்று மேலிருந்து ரேடியோவில் சத்தமாகச் சொன்னாயாம். விக்ரம சேர் வந்து எங்களிடம் சொன்னார். அன்றைக்கு நீ இறங்கியதை நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அம்மா விலாவில் இடித்து, "எறங்கிட்டான்" என்றாள்.

மகனே, நாங்கள் எல்லாரும் ஆசையில்தான் பொட்டு வைக்கிறோம். எங்கே வைக்கக் கூடாது என்று எங்களுக்குத் தெரியாது. பெரிய மண்டபம் எனக்கு ஆசை, உண்மைதான். எரிந்த கடையைக் கூட்டிப் பெருக்கியவன், இந்தக் கண்டி டவுனுக்கு நடுவில் தன் பிள்ளைக்குப் பந்தல் போட ஆசைப்படுகிறான். அது என் ஆசை, உன் வாழ்க்கை அல்ல. உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் கோயிலில் சின்னதாக வேண்டும் என்றால் அதை அவள் வாயால் நான் ஒட்டுக் கேட்கக் கூடாது, உன் வாயால் கேட்க வேண்டும். நாளைக்கு அவள் எனக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்யும்போதும் நீ நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினால், பழி அவள் மேல்தான் விழும். மண்டபக்காரருக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் போன் எடு. "வேணாம்ப்பா" என்று தெளிவாகச் சொல். எனக்குக் கோபம் வரும், வராது என்று பொய் சொல்ல மாட்டேன். மத்தியானம் சாப்பிடாமல் கடையிலேயே உட்கார்ந்திருப்பேன். இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா ஒரு தடவை கூப்பிடுவாள். வந்துவிடுவேன்.

அப்பா,
மஹய்யாவை.